மூலை வீட்டுக் கருங்கல்

பினாங்கிலிருந்து ஜொகூர்வரை தீபகற்பத்தில் இருசப்பன் குத்திப் பார்க்காத மண் குறைவு. ஓர் ஊரில் பாலம் வரப்போகிறது, தொழிற்சாலை எழும்பப்போகிறது என்றால், அதற்கு முன்னால் அங்கே ஒரு லோரி போய் நிற்கும். அதிலிருந்து முக்காலி போல நிறுத்தும் மூன்று இரும்புக் கால்கள் இறங்கும், தண்டுகள் இறங்கும், கனத்த சம்மட்டி இறங்கும். எல்லாம் இறங்கிய பிறகு, வெற்றிலையைத் துப்பிவிட்டு இருசப்பன் இறங்குவார். மண்ணுக்குள் தண்டைச் செருகி, அதன் தலையில் சம்மட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டு, எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது அவர் வேலை. அடித்தும் அசையாதது நல்ல மண். வைத்ததுமே தானாக இறங்குவது கெட்ட மண். மனிதர்களையும் அவர் இதே வகையில்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார் என்று அவருடைய இயந்திரக்காரன் சேது சொல்வதுண்டு.

சம்மட்டி விழும் சத்தத்தைக் கேட்டே அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்பது இருசப்பனின் பெருமை. பத்தில் ஏழு தடவை அது சரியாகவும் இருக்கும். மீதி மூன்றை அவர் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லை. பெருமைக்காரர்கள் யாரும் வைத்துக்கொள்வதில்லை.

வேலை எங்கேயோ அங்கேயே கூடாரம், அங்கேயே சமையல். மாதத்தில் சில நாள்தான் வீடு. வீடு என்பது புக்கிட் ரோத்தான் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஆறாங்கட்டை ரப்பர்த் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களின் பலகை வீட்டு வரிசை. ஜொகூரில் எத்தனையாவது முழத்தில் களிமண் நிறம் மாறும் என்று அவருக்குத் தெரியும். தன் லயத்துக்குப் பின்னால் என்ன இருந்தது, எது எப்போது மூடப்பட்டது என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் அவசியம் 1983 வரையில் வரவும் இல்லை.

அந்த வருஷம்தான் லயத்தை இடித்துவிட்டுக் கல்வீடு கட்டித் தரத் தோட்டத்தை நடத்தும் துரை சம்மதித்தார். ஆறு வீடு ஒரு வரிசை; முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை. யாருக்கு எந்த வீடு என்பதைக் கோயிலில் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். தொழிலாளர்களை மேய்க்கும் மண்டோர் நடராஜாதான் கோயில் தலைவரும். தோட்டத்தில் அதிகாரம் எதுவாக இருந்தாலும் கடைசியில் அவர் சட்டைப்பைக்குள்தான் போய்ச் சேரும். செப்புச் சொம்பில் சீட்டுகளைப் போட்டு, மாரியம்மன் முன்னால் குலுக்கி, ஒவ்வொரு குடும்பத்துப் பெண்ணையும் எடுக்கச் சொன்னார்.

இருசப்பனின் மனைவி காளியம்மாவுக்கு முன் வரிசை மூலை வீடு விழுந்தது.

அவள் அழுதுவிட்டாள். காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு இரண்டு பக்கமும் பலகைச் சுவர். ஒரு பக்கம் இராஜம்மாவின் இருமல், மறுபக்கம் லெட்சுமியின் பேச்சு. லெட்சுமி தூக்கத்திலும் பேசுவாள் என்பதைக் காளியம்மா நாலு பேரிடம் சாட்சியோடு சொல்லியிருக்கிறாள். புருஷன் பாதி நாள் வீட்டில் இல்லாததால் இதையெல்லாம் அவள் ஒருத்தியாகவே கேட்டாக வேண்டியிருந்தது. "ஒரு பக்கமாச்சும் என் சுவத்துக்கு அந்தாண்ட காத்து மட்டும் இருக்கட்டும்" என்பது அவள் வேண்டுதல். அம்மன் அதைக் கொடுத்தாள். ஆனால் அடுத்த சீட்டிலேயே லெட்சுமிக்கு மூலைக்கு அடுத்த வீட்டையும் கொடுத்தாள்.

"காளியக்கா, என்னைய விட்டுட்டுப் போயிருவியோன்னு பயந்துட்டேன்லா!" என்று லெட்சுமி கட்டிக்கொண்டாள்.

"நான் போனாலும் நீ விடமாட்டியே" என்றாள் காளியம்மா.

வீடு கட்டுமுன் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்று துரையிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மண் அப்படி. கடல் பின்வாங்கிப் போட்டுவிட்டுப் போன சாம்பல் நிறக் களி. சோதனை வேலை கம்பெனிக்குக் கிடைத்தது, கம்பெனி இருசப்பனை அனுப்பியது. ஊர் ஊராகப் போன லோரி இப்படித்தான் அவர் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. அவர் இறங்கி வருவதைப் பார்த்த இராஜம்மா, "என்னண்ணே, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். வேலை நேரத்தில் இருசப்பன் உள்ளூர்க்காரர்களோடு பேசுவதில்லை.

முதல் குழியில் தண்டை நிறுத்தி, சம்மட்டியை மேலே மெதுவாகத்தான் வைத்தார்கள். தண்டு கஞ்சியில் விட்ட கரண்டி போலப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் சேது, "அண்ணே, இப்படியே விட்டா பூமிக்கு அந்தப் பக்கத்து நாட்டுல போய்த் தலைய காட்டும்" என்றான்.

கடைசிக் குழி மூலை வீட்டின் இடத்தில். தண்டு இடுப்பளவுகூட இறங்கவில்லை. நின்றது. சம்மட்டி விழுந்தது, தண்டு அசையவில்லை. மறுபடி விழுந்தது. 'ணங்'கென்ற சத்தம் ரப்பர் மரங்கள்வரை போய்த் திரும்பியது. இருசப்பன் கையை உயர்த்தி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடி, மறுபடி ஓர் அடி போடச் சொல்லிக் கேட்டார்.

"கருங்கல்" என்றார். "சுத்தமான கருங்கல். சந்தேகமே வேணாம்."

செய்தி அவருக்கு முன்னால் லயத்தை அடைந்துவிட்டது. தோட்டமே சேற்றில் நிற்க, காளியம்மா மட்டும் பாறைமேல் குடியிருக்கப் போகிறாள். மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது, அவரே நேரில் ஒருமுறை சொன்னார்:

"காளி, ஒன் மூலை இருக்கே, அடியில பாறை. மத்த அஞ்சு வீடும் ஆடினாலும் ஒன் வீடு ஆடாது."

"பாறையா?"

"கருங்கல்லு. நானே காதால கேட்டேன்."

"எவ்வளவு ஆழத்துல?"

"இடுப்பளவு. இந்தப் பக்கத்துல எங்கயும் இப்படிக் கெடையாது."

காளியம்மா ரசத்தை ஊற்றினாள், பிறகு அதே சோற்றில் மறுபடி ரசத்தை ஊற்றினாள். சந்தோஷத்தில் தன்னை மறந்திருக்கிறாள் என்று இருசப்பன் எடுத்துக்கொண்டார். நாட்டு மண்ணையெல்லாம் படித்த மனிதர் அவர்.

மறுநாள் என்ஜினியர் தேவதாஸ் வந்தார். ரவாங்கில் வளர்ந்த இளைஞர். தகப்பனார் காலம்வரை தோட்டத்துக் குடும்பம். அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. பெட்டியிலிருந்து நீண்ட கம்பி. கம்பியில் வரிசையாகச் சின்னச் சின்னக் காதுகள். அந்தக் காதுகளை மண்ணில் குத்தி வைத்துவிட்டு, தூரத்தில் ஓர் இரும்புத் தகட்டைத் தரையில் போட்டுச் சம்மட்டியால் அடித்தால், அந்த அதிர்ச்சி எந்தக் காதுக்கு எப்போது போய்ச் சேருகிறது என்று பெட்டி தாளில் கோடு போட்டுக் காட்டும். பாறையில் அதிர்ச்சி ஓடும்; சேற்றில் நடக்கும். அவ்வளவுதான் தத்துவம்.

"யாரும் நடக்கக் கூடாது, பேசக் கூடாது. இந்தக் காதுக்கு எல்லாம் கேக்கும்" என்று தேவதாஸ் பொதுவாகச் சொல்லி வைத்தார். நடப்பதைத்தான் அவர் முக்கியமாகக் கருதினார். பெண்களோ பேச்சைத்தான் எடுத்துக்கொண்டார்கள். லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கோயில்வரை போய் உட்கார்ந்துவிட்டாள். தன் பேச்சு தாளில் கோடாக வந்து அதை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி படிப்பாரோ என்று அவளுக்குப் பயம். ஆறாங்கட்டைத் தோட்டத்தில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. இருசப்பன் தகட்டை ஓங்கி ஓங்கி அடித்தார்.

தேவதாஸ் தாளைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அண்ணே, பாறை இல்ல."

"இருக்கு சார்."

"பாருங்க, கோடு சோம்பேறி மாதிரி போகுது. இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசிவரைக்கும் களிதான்."

"மூலையில நின்னு சத்தத்த நான் கேட்டேன் சார்."

"பெட்டியும்தாண்ணே கேட்டுச்சு."

இரண்டு கேள்விகளுக்கு இரண்டு பதில்கள் வந்திருந்தன. இருவரும் கேட்டது ஒரே கேள்வி என்றுதான் இருவரும் நினைத்தார்கள். இருசப்பன் தன் காதை நம்பினார், தேவதாஸ் தன் பெட்டியின் காதுகளை நம்பினார். இருவருமே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சச்சரவுகள் நீடிப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

தேவதாஸ் முரடர் அல்லர். "சரி, வைர முனை போட்டுக் கல்லையே துளைச்சு எடுத்துருங்க. பாறைன்னா கீழ போகப் போகக் கல்லா வரும். தனிக் குண்டுக்கல்லுன்னா ரெண்டு சாண்ல முடிஞ்சிரும். நான் புக்கிட் ரோத்தான் போயி ஆபீசுக்கு போன் போட்டுட்டு வர்றேன்" என்று காரில் ஏறினார்.

சேது இயந்திரத்தை ஓட்டினான். தண்ணீர் சாம்பல் நிறமாக, பிறகு வெள்ளையாக வந்தது. கல் அறைபடும் சத்தம் இருசப்பனுக்குச் சங்கீதமாக இருந்தது. திடீரென்று தண்டு குதித்து, வெறும் இடத்தில் விழுந்தது போல இறங்கியது. சேது நிறுத்தினான். குழலை மேலே இழுத்து, தட்டி, உள்ளே இருந்ததை வெளியே தள்ளினார்கள்.

ஒரு சாண் நீளத்தில் உருளையான கல்தூண். ஒன்றாம் நம்பர் கருங்கல். இருசப்பன் வெற்றியோடு அதைக் கையில் எடுத்தார், கழுவினார், ஒரு முனையில் விரல் பட்டதும் நின்றார்.

அந்த முனை உடைந்த கல்லாக இல்லை. உள்வாங்கி வளைந்து, கன்னம் போல வழவழவென்று இருந்தது. வழவழப்புக்கு இடையில் சின்னச் சின்னப் புள்ளிகள், உளியால் கொத்தியவை. பூமி எத்தனை கோடி வருஷம் உழைத்தாலும் ஒரு கல்லை இப்படி ஆக்காது. உளுந்தும் அரிசியும் போட்டு ஒரு பொம்பளை வருஷக்கணக்கில் ஆட்டினால்தான் ஆகும்.

"அண்ணே," சேது மெதுவாகக் கேட்டான், "பாறைக்குள்ள யாருண்ணே மாவு ஆட்டுனது?"

இருசப்பன் அந்தக் கல்லைத் தோள்துண்டில் சுற்றிக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தார்.

காளியம்மா ரப்பர்ப் பால் வெட்டும் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் அதை அடுப்பங்கரை மேடையில் வைத்தார். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு அந்த வளைவில் உள்ளங்கையை வைத்தாள்; பொருந்தியது.

"என்னோடதுதான்" என்றாள்.

"என்னது ஒன்னோடது?"

"ஆட்டுக்கல்லு. இதுல ஆட்டுன தோசைய வாரிப்போட்டுத் தின்னுட்டு, என்னதுன்னு கேக்குறீங்களே."

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அந்த மூலையில் ஒரு காலத்தில் கிணறு இருந்தது. உப்புத் தண்ணீர், குளிக்கத் துவைக்கத்தான் ஆகும். குழாய் வந்ததும் அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு மின்சாரம் வந்தது, புக்கிட் ரோத்தானில் மாவு மில்லும் வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்டுக்கல் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற ஆட்டுக்கல் ஒரு சங்கடம். அதை விற்கக் கூடாது, உடைக்கக் கூடாது, கவிழ்த்துப் போட்டு மேலே உட்காரக் கூடாது. வீட்டுக்குச் சோறு போட்ட தெய்வம் அது. சாமி சிலையைத் தண்ணீரில் விடுவது போல விடுவதுதான் மரியாதை என்று பெண்கள் முடிவு செய்தார்கள். ஆண்கள் வேலைக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டுபோய்க் கிணற்றில் இறக்கிவிட்டார்கள். முதலில் இராஜம்மாவின் கல். கிணறு நிரம்பியபோது கடைசியில் மேலே நின்றது காளியம்மாவின் கல். பிறகு ஒரு கன்றுக்குட்டி தடுமாறி விழுந்து காலை உடைத்துக்கொள்ள, துரை ஒரு லோரி செம்மண் கொட்டச் சொன்னார். பழைய மரத்தை வெட்டிப் புது மரம் நட்டதில் இடத்தின் அடையாளமும் போய்விட்டது. ஆண்களுக்கு எங்கேயோ ஒரு கிணறு இருந்தது என்ற அளவுதான் ஞாபகம். இருசப்பனுக்கு அதுவும் இல்லை. அவர் அந்த வருஷம் பினாங்கில் பாலத்துக்கு மண் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்தே ஒனக்குத் தெரியுமா?"

"இடுப்பளவுன்னு சொன்னீங்களே, அப்பத்தான் தெரிஞ்சிச்சு."

"ஏன் சொல்லல?"

"கருங்கல்லுன்னு நீங்க சொன்னீங்க. இது கருங்கல்லுதானே? பொய்யா?"

பொய் இல்லை. இருசப்பன் அதைத்தான் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தார். கருங்கல் என்று எழுதிக் கொடுத்தால் கருங்கல்தான். அவர் காதும் தோற்றதாகாது, அவள் வீடும் போகாது. தேவதாஸ் வருவதற்குள் கல்துண்டின் அந்த முனையை நாலு தட்டுத் தட்டி உடைத்துவிட்டால் போதும்.

"சொன்னா வீடு போயிரும்" என்றாள் காளியம்மா. "சொல்லாதீங்க."

"காளி, கல்லு இருக்கறது கிணத்தளவுதான். அதுக்கு இந்தாண்ட களி, அந்தாண்ட களி. ஒரு மூலை கல்லு மேல நிக்கும், மத்த மூலை எறங்கும்."

"எறங்கட்டும்."

"எல்லாம் ஒண்ணா எறங்கினா பரவால்ல. அது பாட்டுக்கு எறங்கும், வீடு வீடா இருக்கும். ஒரு பக்கம் எறங்கி ஒரு பக்கம் நின்னாத்தான் நடுவுல பொளக்கும். எங்க பொளக்கும் தெரியுமா? ஒனக்கும் லெட்சுமிக்கும் நடுவுல இருக்கற சுவத்துல."

காளியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ பேசறது கேக்குமா?"

"கேக்குறது என்ன, அவ கையே நீட்டலாம்."

இருசப்பன் இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அவருக்குச் சிரிப்பு வராது. ஆனால் காளியம்மா சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் தொங்கிவிட்டது. பலகைச் சுவருக்கு அப்பால் லெட்சுமி, காலையில் அடக்கி வைத்த பேச்சையெல்லாம் சேர்த்து யாரிடமோ கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அவ பிள்ளைங்க அந்தச் சுவத்து ஓரமாத்தான் படுக்கும்" என்றாள் காளியம்மா கடைசியில்.

அவர் எழுந்தார். "இருங்க" என்றாள். "நீங்க போயிச் சொன்னா, காது தப்பாக் கேட்டுச்சும்பாங்க. அந்தச் சேது பய ஆயுசுக்கும் விடமாட்டான். நான் வர்றேன்."

தேவதாஸ் திரும்பி வந்து இயந்திரத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். காளியம்மா கல்லை இடுப்பில் பிள்ளை போல வைத்துக்கொண்டு வந்தாள். விவரம் தெரியாமல் பின்னாலேயே லெட்சுமியும் இராஜம்மாவும் வந்தார்கள்.

"தம்பி, அவரு சொன்னது சரிதான். அடியில இருக்கறது கல்லுதான்" என்றாள். "ஆனா என் கல்லு."

தேவதாஸ் வாங்கிப் பார்த்தார். வளைவைத் தடவினார். "எங்கம்மா வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு. என்ன பண்றதுன்னு தெரியாம குளிப்பறையில வச்சிருக்காங்க" என்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இருசப்பனைப் பார்த்ததும் சிரிப்பைச் சுருக்கிக்கொண்டார். "நீங்க சொன்னதும் சரி, பெட்டி சொன்னதும் சரிண்ணே. கீழ எத்தனை இருக்கு?"

"என்னோடதும் இருக்கு" என்றாள் இராஜம்மா.

"எங்க மாமியாரோடது பெருசு. அதுல பட்டிருந்தா தண்டே வளைஞ்சிருக்கும்" என்றாள் லெட்சுமி. அதிலும் அவளுக்குப் போட்டி.

ஆட்களை விட்டு மேல் மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். காளியம்மாவின் ஆட்டுக்கல் ஒருக்களித்துப் படுத்திருந்தது, நெஞ்சில் வட்டமாக ஒரு துளையோடு. கீழே மற்றவை. எடுத்துவிட்டுக் கிணற்றைச் சரியாக மூடலாமே என்று தேவதாஸ் கேட்டார். தண்ணீரில் விட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று நடராஜா மறுத்தார். பெண்களும் மறுத்தார்கள். கோயில் தலைவரும் பெண்களும் ஒத்துப்போனது அபூர்வம் என்பதால் தேவதாஸும் விட்டுவிட்டார். மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

துரை முடிவு சுருக்கமாக வந்தது. வரிசையில் ஆறு வேண்டாம், ஐந்து போதும். மூலை மனை காலியாகக் கிடக்கட்டும். அந்த ஆறாவது வீடு பின் வரிசையின் நடுவில் சேரும்.

ஆக, மூலை வீடு போனதும் அதற்கு அடுத்த வீடு மூலை வீடாகிவிட்டது. அது லெட்சுமியுடையது. பின் வரிசை நடு வீடு காளியம்மாவுக்கு. இரண்டு பக்கமும் சுவர். ஒரு பக்கம் அங்கே சீட்டு விழுந்த இராஜம்மாவின் இருமல், மறுபக்கம் கட்டைக்குரலில் பஜனை பாடும் ஐயாவு. லெட்சுமியின் சத்தம் மட்டும் இல்லை. குடிபோன முதல் வாரம் காளியம்மாவுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

களி தன் குணத்தைக் காட்டியது. வீட்டின் பாரம், கொட்டிய செம்மண்ணின் பாரம், ரப்பருக்குப் பதிலாக வந்த எண்ணெய்ப்பனைக்காக ஆழமாக வெட்டிய வடிகால். தண்ணீர் வடிய வடிய இரண்டு வரிசைகளும் மெல்ல இறங்கின. ஒன்றாக இறங்கியதால் சுவர்கள் பிளக்கவில்லை. இறங்குகிறோம் என்று யாருக்கும் தெரியவும் இல்லை. காலி மனையில் தளர்வாகத் தள்ளி மூடிய மண்ணை மட்டும் லெட்சுமி வீட்டுக் கூரைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. கிணற்றின் அடியில் கெட்டியான மண்ணில் கால் ஊன்றி அடுக்கடுக்காக நின்ற கற்கள் இறங்கவில்லை. 1988 தைப்பூசத்துக்கு முந்திய வாரம், லெட்சுமி கோலம் போட வந்தபோது, சுவருக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் தலையை நீட்டியிருந்தது.

"கல்லு வளருது!" என்று அவள் போட்ட கூச்சல் பெட்டியின் காது இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

அது எந்தக் கல் என்று தோட்டத்துக்கே தெரியும். இருந்தும் மறுநாள் அதற்கு மஞ்சள் விழுந்தது. அடுத்த வாரம் நடராஜா நாலு தூண் நட்டுத் தகரம் வேய்ந்தார். கிணற்றில் விட்ட கல் தானாக எழுந்து வருவதென்றால் சும்மாவா? சூலம் நட யாரும் குழி தோண்ட வேண்டியிருக்கவில்லை. வைர முனை போட்ட துளை, அளவெடுத்தது போலப் பொருந்தியது.

இருசப்பன் விடுப்பில் வந்து பார்த்தார். நடராஜாவிடம் விளக்கினார். "கல்லு வளரலங்க. அது இருந்த இடத்துலதான் இருக்கு. நாமதான் எறங்குறோம்."

"அப்படிச் சொல்லாதீங்க" என்று நடராஜா அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அதையே காளியம்மாவிடமும் சொன்னார்.

"சரிதான். ஆனா நாம எறங்குறோம்னு சொன்னா யாரு சூடம் கொளுத்துவா?" என்றாள் அவள்.

"ஒன் ஆட்டுக்கல்லுன்னு நீயாச்சும் சொல்லலாமே."

"சொன்னேன். லெட்சுமி என்ன சொன்னா தெரியுமா? 'ஒன் கல்லா இருந்தா என்னக்கா, இப்ப அது எங்க வீட்டுப் பக்கத்துல இருக்கு'ன்னா."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காளியம்மா ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். கல்லின்மேல் ஊற்றி, கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினாள், மாவு ஆட்டி முடித்ததும் கழுவுவாளே அப்படி. வேலை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் லெட்சுமியின் சுவர். மற்ற மூன்று பக்கமும் காற்று.

"காளியக்கா, வந்துட்டியா?" என்று சுவருக்கு உள்ளிருந்து குரல் வந்தது. பேச்சு தொடங்கியது.